கோயிலில் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு: கொதிக்கிற சாம்பாரை எந்த டப்பாவில் ஊற்றலாம்?

காரைக்கால்_வசந்தா (சேந்த் ஆந்த்ரே, ரெயூனியன்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவின் கிழக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காரைக்கால். இங்கே இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் கேட்டுத் தெளிந்துகொள்ள ஆள் குறைவு, அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள்.

பிரான்சில் 2018-ல் வந்த எகலிம் என்ற உணவுச் சட்டப்படி, 2025 ஜனவரி 1 முதல் பள்ளிக் கேண்டீன்களில் பிளாஸ்டிக்கில் சமைக்கக் கூடாது, சூடு பண்ணக் கூடாது, பரிமாறவும் கூடாது. 2,000 பேருக்கும் குறைவாக உள்ள ஊர்களுக்கு மட்டும் 2028 வரை தவணை. ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் அங்கே போடுகிற சட்டம் நமக்கும் அப்படியே வந்துவிடும். எங்கள் கேண்டீனில் இப்போது எல்லாம் எவர்சில்வர் தட்டுகள். கனம் அதிகம்தான், தூக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது. ஆனாலும் பிள்ளைகளுக்காக மனதார ஏற்றுக்கொண்டோம்.

பழைய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை ஒதுக்கிப் போடும்போது கையில் எடுத்துப் பார்த்தேன். தக்காளி ருகாய் என்ற இந்த ஊர்க் காரக் கூட்டைச் சூடு பண்ணிப் பண்ணி, எண்ணெய் நிற்கும் மட்டத்தில் சுற்றிலும் ஒரு ஆரஞ்சுக் கோடு. கோட்டுக்கு மேலே வழவழவென்று இருக்கிறது. கோட்டை ஒட்டி நகத்தால் தடவினால் சொரசொரப்பு, சின்னச் சின்னக் குழிகள். அந்தக் குழியில் இருந்தது எங்கே போயிருக்கும்? பிள்ளைகள் வயிற்றுக்குள்தானே? அன்றிலிருந்து எனக்கு இது மனதை விட்டுப் போகவில்லை.

சரி, இப்போது கோயில் விஷயம். எங்கள் பக்கத்துக் கோயிலில் காவடிக்கும் மற்ற விசேஷங்களுக்கும் எப்போதும் வாழை இலையில் உட்கார வைத்துத்தான் சாப்பாடு. 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் புயல் அடித்து வாழையெல்லாம் சாய்ந்துவிட்டது, இலை கிடைக்கவில்லை. அவசரத்துக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கினார்கள். இலை திரும்பக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் டப்பா போகவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக வசதி என்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அடுப்பிலிருந்து இறக்கின மர்மித்தில் (பெரிய சமையல் பானையில்) கரண்டியை விட்டு, கொதிக்கிற சாம்பாரை நேரே அந்த டப்பாவில் ஊற்றி உடனே மூடியை அழுத்துகிறோம். டப்பா துவண்டு கையில் நெளிகிறது. மூடி உப்பி வியர்க்கிறது. மேலே மிளகு ரசம், அப்புறம் வடை எண்ணெய், எல்லாம் அதிலேயே. அதை வாங்கிப் போகிறவர்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உண்டு, இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர்கள் உண்டு.

கமிட்டியில் சொன்னேன். செயலாளர் தம்பி நல்ல மனசுக்காரர், கோபப்படவில்லை. டப்பாவைத் திருப்பிக் காட்டி, ‘அக்கா, பிபிஏ (பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம்) இல்லை என்று எழுதியிருக்கிறது, மைக்ரோவேவ் முத்திரையும் இருக்கிறது, இதற்கு மேல் என்ன?’ என்றார். பிபிஏ இல்லை என்றால் போதுமா? கரும்புச் சக்கையில் செய்த டப்பா வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அதில் வேறு ரசாயனம் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். தெரிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஆகாது என்று சட்டம் போட்டுத் தடுத்ததை, அதே பிள்ளைக்குச் சாமி பிரசாதம் என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லே_போர்_ரவி

வசந்தா அக்கா, வணக்கம். உணவு தொடும் பொருள்களின் இறக்குமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நீங்கள் சொல்கிற மாதிரி துவளும் மைக்ரோவேவ் டப்பா பெரும்பாலும் 5, அதாவது பாலிபுரொப்பிலீன். பிஸ்பீனால் ஏ சேருவது இரண்டு இடத்தில்தான் முக்கியம். ஒன்று பாலிகார்பனேட், கண்ணாடி போலத் தெளிவாக, கெட்டியாக இருக்குமே, பழைய பால் புட்டி, பெரிய தண்ணீர்க் குடம், அது. இன்னொன்று தகர டின்னுக்கு உள்ளே பூசும் எபாக்சிப் பூச்சு. பாலிபுரொப்பிலீனில் அது எப்போதுமே கிடையாது. ஆக ‘பிபிஏ இல்லை’ என்று அதில் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிரான்சில் பால் புட்டிக்கு 2010-லேயே தடை வந்தது. 2012 டிசம்பரில் போட்ட சட்டம் 2015 ஜனவரி 1 முதல் உணவு தொடும் எல்லாப் பொருளிலும் பிபிஏவை நிறுத்தியது. ஐரோப்பாவில் வேறு யாரும் அவ்வளவு தூரம் போகாத காலம் அது. அந்த ஆண்டே பிளாஸ்டிக் உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். இங்கே தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்த பகுதியை மட்டும் அரசியலமைப்பு மன்றம் நீக்கியது, உள்நாட்டில் விற்பதற்கான தடை அப்படியே நீடித்தது. ஆகவே இங்கே கடையில் ‘பிபிஏ இல்லை’ என்பது சட்டப்படி எல்லோரும் செய்யவேண்டியதுதான், தனிப் பெருமை ஒன்றும் இல்லை.

பிபிஏவுக்குப் பதிலாக வந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பிஸ்பீனால் எஸ் என்று ஒன்றை மாற்றாகக் கொண்டுவந்தார்கள். அதையும் இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பாவில் இப்போது வகைப்படுத்தியாகிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த ஐரோப்பிய விதி பிபிஏவை மட்டும் சொல்லாமல் இந்த மாதிரிக் கேடான மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்துத் தடுக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு 2026 ஜூலை 20 வரை அவகாசம். காய்கறி, பழம், மீன் அடைக்கிற டின் போன்ற சிலவற்றுக்கு 2028 ஜனவரி வரை.

உங்கள் டப்பாவுக்கு உண்மையான கேள்வி சூடு. பிளாஸ்டிக்கில் இருக்கிற சேர்மானங்கள் உணவுக்குள் இறங்குவதை நாலு விஷயம் அதிகமாக்கும்: சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம். நம்ம சாம்பாரில் நாலும் உண்டு. புளி, நல்லெண்ணெய்த் தாளிப்பு, கொதி, அப்புறம் மூடி வைத்து வீட்டுக்குப் போகும்வரை ஊறுகிற நேரம். 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாலிபுரொப்பிலீன் பால் புட்டிகளைச் சோதித்தார்கள். 70 டிகிரி நீரில் பால் கலக்கிக் குலுக்கும் வழக்கமான முறையிலேயே, சில புட்டிகளில் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை பிளாஸ்டிக் நுண்துகள் வந்தது. சூடு ஏற ஏறத் துகளும் ஏறியது. நீங்கள் ஊற்றுவது அதைவிடச் சூடு.

மைக்ரோவேவ் முத்திரை, டப்பா உருகாது, சில நிமிடம் தாங்கும் என்பதற்கு. பார்க்க வேண்டியது கோப்பையும் முள்கரண்டியும் போட்ட முத்திரை, உணவு படலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம், கோயில் சங்கம் மொத்த வியாபாரியிடம் வாங்குவதால் ‘தெக்லராசியோன் தெ கோன்ஃபோர்மித்தே’, அதாவது பொருள் விதிப்படி இருக்கிறது என்ற உறுதிக் காகிதம், கேளுங்கள். எந்த வகை உணவுக்கு, எவ்வளவு சூட்டுக்கு, எவ்வளவு நேரத்துக்குச் சோதித்தது என்று அந்தக் காகிதத்தில் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு அதை வைத்திருப்பது அவர்கள் கடமை. காகிதம் காட்டத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

மொரீஷியஸ்_சிவா

நாங்கள் பக்கத்துத் தீவு. இங்கே 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம், மூடி டப்பா எல்லாம் தடை. உடனே எல்லோரும் காகிதத்துக்கும் கரும்புச் சக்கைக்கும் தாவினோம். அங்கேதான் அந்த ‘வேறு ரசாயனம்’ வருகிறது அக்கா. பீஃபாஸ் என்பார்கள். கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு, இயற்கையில் எளிதில் உடையாது, உடம்பிலும் மண்ணிலும் தங்கும். எண்ணெய் ஊறாமல் இருக்க அட்டையிலும் சக்கைக் கூழிலும் அதைச் சேர்ப்பார்கள். டென்மார்க் 2020-லேயே உணவு அட்டைகளில் அதைத் தடுத்துவிட்டது.

வீட்டிலேயே ஓரளவு பார்க்க ஒரு வழி உண்டு. பூச்சு இல்லாத வெறும் அட்டையிலோ சக்கைத் தட்டிலோ ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் சந்தேகப்படலாம். பரவினாலோ ஊறினாலோ பெரும்பாலும் இல்லை. உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

சோளத்திலிருந்து செய்ததாகச் சொல்லும் பிஎல்ஏ மூடியும் வேண்டாம். 60 டிகிரிக்கு முன்னாலேயே இளகிவிடும். எங்கள் கோயிலில் ஒரு முறை அது ரசத்துக்குள்ளேயே சுருண்டு விழுந்தது. இங்கே காவடிக்கு ஏழு கறி வைப்போம், இப்போது முழுக்க இலைக்கே திரும்பிவிட்டோம்.

லே_போர்_ரவி

சிவா சொன்னது சரி. ஐரோப்பாவில் 2026 ஆகஸ்ட் 12 முதல் உணவுப் பொதிகளில் பீஃபாஸுக்கு வரம்பு வருகிறது: எந்த ஒரு வகையும் நூறு கோடியில் 25 பங்குக்கு மேல் கூடாது, அளந்த வகைகளின் கூட்டுத்தொகை 250-க்கு மேல் கூடாது. அதனால் தேதியைக் காட்டி ‘பீஃபாஸ் சோதனைச் சீட்டு இருக்கிறதா’ என்று கேளுங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள், மலிவு என்று வாங்கிவிட வேண்டாம்.

பெரியவர்_சேன்_தெனி

தம்பிகளா, எல்லாம் சரி. நான் எழுபதைத் தாண்டியவன். பாண்டிச்சேரியிலும் இங்கேயும் அலுமினியம், பிளாஸ்டிக், டின் மீன், எல்லாவற்றிலும் சாப்பிட்டுத்தான் இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. கோயிலுக்கு வருகிறவன் வயிறு நிறைந்து போக வேண்டும், அதுதான் அன்னதானம். டப்பா சரியில்லை என்று சோற்றை நிறுத்திவிடாதீர்கள். பயத்தைக் கிளப்பினால் தொண்டு செய்ய வருகிறவர்களும் விலகிவிடுவார்கள்.

லே_போர்_ரவி

ஐயா, சோறு நிற்கவே கூடாது, அதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதை வைத்துப் பிள்ளைகளுக்கு முடிவெடுக்க முடியாது. இந்த ரசாயனங்கள் விஷம் குடித்த மாதிரி அன்றைக்கே காட்டுபவை அல்ல. பிபிஏ உடம்பில் ஹார்மோன் போல நடிக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கலாம் என்று 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன அளவு, உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 2023 ஏப்ரலில் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தார்கள். 20,000 மடங்கு குறைவு. நோய் எதிர்ப்புச் செல்களில் அது செய்கிற மாற்றத்தைப் பார்த்துத்தான் அப்படிக் குறைத்தார்கள். முன்பு ‘பரவாயில்லை’ என்று சொன்ன அதே ஆணையம் ஐயா. கருவில் இருக்கும் குழந்தைக்கும் எழுபது வயது உடம்புக்கும் ஒரே கணக்கு கிடையாது.

அலுமினியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய இயந்திர பாகங்களையும் கழிவுகளையும் உருக்கி, மணல் அச்சில் வார்க்கும் பாத்திரங்கள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் உண்டு. மடகாஸ்கரின் அம்பாத்தோலாம்பி அந்த வார்ப்புக்குப் பேர்போன ஊர். கமரூனில் இப்படி வார்த்த பானைகளைச் சோதித்தபோது, புளிப்பான நீரில் கொதிக்க வைத்ததும் ஈயம் இறங்கியது. கோயிலில் பெரிய மர்மித் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், அதில் சோறு வடியுங்கள், புளிக்குழம்பும் ரசமும் எவர்சில்வர் அண்டாவில் வையுங்கள்.

திவ்யா_சேன்_பியேர்

வசந்தா அக்கா, நானும் இப்போது ஏழாம் மாதம், அதனால் உங்கள் கேள்வி எனக்காகவே கேட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் தெற்குப் பக்கம் ஒரு கோயிலில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

விசேஷத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ‘வீட்டுக்கு வேண்டுமென்றால் தூக்கு கொண்டுவாருங்கள்’ என்று போடுகிறோம். முதல் தடவை பாதிப் பேர் மறந்து வந்தார்கள். அவர்களுக்காகக் கோயிலிலேயே கொஞ்சம் எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கி வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தோம். திருப்பித் தந்தால் பணம் திரும்பும். கேரியர் எல்லாம் நல்லபடியாகவே திரும்பி வருகிறது, ஆனால் மூடிதான் மாறிப்போகும். காய்ந்த பண்டங்களுக்கு இலை போதும். வடை, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை மூன்றையும் இலையைத் தணலில் காட்டி வாட்டி மடித்துக் கட்டினால் கிழியாது, சூடும் தாங்கும், வாசமும் சேரும். எங்கள் அத்தை வாட்டிக் கொடுத்தால் ஒரு இலை கூட விரியாது.

இன்னொரு விஷயம், மூங்கில் என்று விற்கிற குழந்தைக் கிண்ணம். சீமந்தத்துக்கு எனக்கே இரண்டு வந்தது. மூங்கில் பொடியை மெலமைன் பிசினில் கலந்து அச்சில் அடித்தது அது. அந்தக் கலவைக்கு ஐரோப்பாவில் அனுமதியே இல்லை. சூடான, புளிப்பான உணவு பட்டால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் இறங்கும். இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன், கொடுத்தவர்களிடமும் காரணத்தைச் சொன்னேன்.

வெளியே கறி வாங்கும்போதும் இப்போது சொந்தப் பாத்திரம் நீட்டுகிறேன். சாப்பாடு கட்டித் தரும் வெள்ளை நுரை பார்க்கெத் (டப்பா) 2021 ஜூலையோடு போய்விட்டது, அதற்குப் பதில் எதைத் தருவார்கள் என்று நமக்குத் தெரியாது. சுத்தமான, பொருத்தமான பாத்திரம் கொண்டுபோனால் அதில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்க இங்கே நுகர்வோருக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. லாரி வண்டியில் சாப்பாடு விற்கிறவர் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது பார்த்ததுமே கையை நீட்டுகிறார்.

காரைக்கால்_வசந்தா

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் பிரெஞ்சில் எழுதி எடுத்துப்போய் நேற்றுக் கூட்டத்தில் படித்தேன். பெரியவர் ஐயா, உங்கள் கவலையையும் அப்படியே படித்தேன், ஏனென்றால் கமிட்டியிலும் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு இலை மட்டும். இலைக்குத் தட்டுப்பாடு வரும் காலத்துக்குக் காரைக்காலிலிருந்து மந்தார இலைத் தையல், பாக்குமட்டைத் தட்டு வாங்கி வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன், வரியும் கப்பல் செலவும் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் விடப்போவதில்லை, மறுபடி கேட்பேன். சாம்பாரும் ரசமும் இனி டப்பாவில் ஊற்றுவதில்லை. வீட்டுக்கு வேண்டுபவர்கள் தூக்கு கொண்டுவர வேண்டும், இல்லாதவர்களுக்குத் திவ்யா சொன்ன முன்பணக் கேரியர். மிச்சம் இருக்கிற டப்பாவை வீணாக்க வேண்டாம் என்று செயலாளர் தம்பி கேட்டார், ஆறின பூந்திக்கும் பழத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் சம்மதித்தேன். அடுப்புப் பக்கம் அது வரவே கூடாது.

வியாபாரியிடம் அந்தக் காகிதத்தையும் கேட்டாயிற்று ரவி தம்பி. முதலில் ‘எல்லாம் ஐரோப்பியத் தரம்’ என்று வாயால் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்று நின்றதும் மின்னஞ்சலில் அனுப்பினார். அதில் 70 டிகிரி, 2 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஊற்றியது கொதிநிலை. செயலாளர் தம்பி அந்த வரியைப் பார்த்த பிறகுதான் முழு மனதோடு என் பக்கம் வந்தார்.

மர்மித்தில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. இனி அதில் சோறு மட்டும்தான்.

திவ்யா, உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா. மூடி மாறிப்போகிறது என்று சொன்னாயே, அதற்காகக் கேரியரிலும் மூடியிலும் கோயில் பெயரும் எண்ணும் வெட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். ஊரில் பாத்திரக் கடையிலேயே வாங்கும்போது வெட்டிக் கொடுப்பார்கள். இங்கே பேர் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர் யாராவது உண்டா? காவடிக்கு முன்பு வேண்டும்.

பெரியவர்_சேன்_தெனி

என்னிடம் இருக்கிறது அம்மா. பாண்டியிலிருந்து கொண்டுவந்தது, இன்னும் ஓடுகிறது. சனிக்கிழமை பாத்திரங்களை எடுத்து வாருங்கள், தமிழிலேயே வெட்டித் தருகிறேன்.